இடத்தைச் சொல்லுங்கள், செட்டைச் சொல்கிறேன்

போன மாதம் பழைய வால்வு ரேடியோ பற்றி எழுதும்போது, போகிற போக்கில் வாக்கி டாக்கி என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். காட்பாடியில் என் ரிப்பேர் கடை மேசையில் இப்போது சால்டரிங் அயர்ன் வைக்க இடமில்லை, அத்தனையும் கடிதம். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: "எந்த செட்டு நல்ல செட்டு?" நாடி பிடிக்காமல் மருந்து எழுதச் சொல்வது போல இருக்கிறது. வேலூர் லாங்கு பஜாரில் நிற்கிறவருக்கும் பீஞ்சமந்தை மலையில் நிற்கிறவருக்கும் ஒரே செட்டை எப்படிச் சொல்வது? இடத்தை விவரமாக எழுதியவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, எங்கள் கழனி வீட்டிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர், மலையடிவாரம். அப்பாவுக்கு 71 வயது. ராத்திரி மும்முனை கரண்ட் வரும் நேரத்தில் மோட்டார் போட அவர்தான் போவார், சொன்னால் கேட்க மாட்டார். அங்கே செல்போன் டவர் எடுக்காது. ஆன்லைனில் "பத்து கிலோமீட்டர் வரை பேசலாம்" என்று போட்டு ஐந்து வாட் செட்டு ஜோடி மூவாயிரம் ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், ஒடுகத்தூர் அருகே*

வாங்காதீர்கள். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, சட்டம். நம் நாட்டில் உரிமம் எடுக்காமல் யார் வேண்டுமானாலும் கையில் பிடித்துப் பேச விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு சின்னக் கீற்று. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட விதி அது. அந்தக் கீற்றில் மட்டும் வேலை செய்கிற செட்டுக்குத்தான் விலக்கு. 'மட்டும்' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பார்த்த மாதிரி செட்டுகள் பெரும்பாலும் 400 முதல் 470 வரை எங்கே வேண்டுமானாலும் திருப்பி வைக்கக்கூடியவை. "446-க்கு வைத்துக்கொண்டால் போச்சு சார்" என்பார் விற்கிறவர். போகாது. போலீஸ், ரயில்வே, மற்ற துறைகள் என்று உரிமம் வாங்கிப் பேசுகிறவர்களின் இடத்தில் நுழையக்கூடிய செட்டை உரிமமில்லாமல் வைத்திருப்பதே தவறு. 1933-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இப்படி விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே வாங்கும்போது இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: 446.0–446.2 என்ற எண், அப்புறம் ஈ.டி.ஏ. என்கிற, கருவியின் வகைக்கு அரசு தரும் ஒப்புதல் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம், அந்த ஐந்து வாட் நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்யாது. உரிமம் தேவைப்படாத 446 செட்டு அரை வாட். ஐந்து என்பது அதைப்போல பத்து மடங்கு. சரி, தூரமும் பத்து மடங்கு ஆகுமா? நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் மூன்று மடங்குக்குச் சற்று மேலே வரும். மரமும் வீடும் வரப்பும் இருக்கிற தரையில் இரண்டு மடங்கு கூடத் தேறாது. நடுவே மலை மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அரை வாட்டும் ஐந்து வாட்டும் ஒன்றுதான்.

அந்தப் பெட்டியில் போடுகிற 'பத்து கிலோமீட்டர்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? தலை உயரத்தில் செட்டைப் பிடித்த இரண்டு பேர் தண்ணீர் மாதிரி சமமான தரையில் நின்றால், பூமியின் வளைவு மறைக்கிற வரை உள்ள தூரம் சுமார் பத்து கிலோமீட்டர். கணக்கு பொய்யில்லை. அப்படி ஒரு தரை நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மழை இல்லாத வருடத்துப் பாலாறு வேண்டுமானால் கொஞ்சம் கிட்டே வரும்.

நானே ஏமாந்தவன். சில வருடம் முன்பு "20 கிலோமீட்டர்" என்று அட்டையில் அச்சடித்த ஒரு ஜோடியை ஆசைப்பட்டு வாங்கினேன். தங்கை மகனை சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். நாலாவது தெரு வரை குரல் மணியாக இருந்தது. அடுத்த தெருவில் கொரகொரப்பு. ஹைவே மேம்பாலத்தைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் மீட்டரில் பார்த்தேன், 800 மீட்டர். திரும்பி வந்தால் பையன், "மாமா, இருபது கிலோமீட்டர் போயிட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்கிறான். விற்ற கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். 'சாதகமான சூழ்நிலையில்' என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டி பதில் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இருந்தது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இருட்டிய பிறகு நீங்கள் வீட்டு மொட்டைமாடியில் நில்லுங்கள். தம்பியோ பக்கத்துக் கழனிக்காரரோ மோட்டார் கொட்டகைக்கு வெளியே நின்று நல்ல டார்ச் ஒன்றை உங்கள் பக்கம் அடிக்கட்டும். வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அரை வாட் செட்டு ஒன்றேகால் கிலோமீட்டருக்குத் தாராளமாகப் போதும். தென்னை, மா இலைகளுக்கு நடுவே விட்டுவிட்டுத் தெரிந்தாலும் பெரும்பாலும் பேசலாம், கொஞ்சம் இரைச்சல் இருக்கும். நடுவில் மேடு மறைக்கிறது, வெளிச்சமே இல்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். நடுவே மேட்டில் யார் வீடு இருக்கிறது, அவர்கள் ஒரு பக்கம் சொல்வதைக் கேட்டு மறுபக்கம் சொல்வார்களா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கொட்டகைக்குக் கூரை தகரமா? தகரமாக இருந்தால் உள்ளே நின்று பேசவே கூடாது. அலைக்குத் தகரம் சுவர். வாசலுக்கு வெளியே நாலு அடி வந்து, செட்டை முகத்துக்கு நேராக, ஏரியல் வானத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். இடுப்பில் மாட்டியபடியே பேசினால் உடம்பே பாதியைத் தின்றுவிடும். அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என்னைவிட உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும்.

செட்டில் அவருக்கு வேண்டியது மூன்றுதான்: இருட்டில் விரலுக்குத் தட்டுப்படுகிற பெரிய பேசுகிற பட்டன், சேனல் தானாக மாறிவிடாமல் பூட்டிவைக்கும் வசதி, கழுத்தில் மாட்டக் கயிறு. மழை, சேறு என்பதால், தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற ஐ.பி. எண் 54 அல்லது அதற்கு மேலே இருந்தால் நல்லது. ஐ.பி.67 என்றால் வாய்க்காலில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். கலர் திரை, ரேடியோ, விளக்கு எல்லாம் உங்களுக்குத் தண்டம். அப்புறம் ஒரு ஏற்பாடு: மோட்டார் போட்டதும் ஒரு வார்த்தை, கிளம்பும்போது ஒரு வார்த்தை. சொன்ன நேரத்தில் வார்த்தை வரவில்லை என்றால் நீங்கள் கிளம்பிப் போக வேண்டும். அவர் விழுந்துவிட்டால் பட்டனை அழுத்த வேண்டியவரும் அவர்தானே.

நாங்கள் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் நீர்மோர், அன்னதானம் கொடுக்கிறோம். கூட்டம் சேர்ந்துவிட்டால் போனில் ரிங்கே போவதில்லை. மோர் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட ஆள் ஓட வேண்டியிருக்கிறது. பத்து செட்டு வாங்கலாம் என்கிறார்கள். அத்தனையும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டுமா?
*வாசகர், குடியாத்தம்*

உங்களுக்கு இது சரியான சாமான். போன் வேலை செய்யாததற்குக் காரணம் சிக்னல் இல்லாதது அல்ல. ஒரு டவரை ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கிறார்கள். வாக்கி டாக்கிக்கு நடுவில் டவர் கிடையாது, செட்டிலிருந்து செட்டுக்கு நேராகப் போகிறது.

ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. 446 செட்டுகளில் முதல் சேனல் என்றால் எந்தக் கம்பெனியானாலும் 446.00625 மெகாஹெர்ட்ஸ்தான். இரண்டு சேனலுக்கு நடுவே 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. மொத்தம் 16 சேனல், பழைய மாடல்களில் எட்டு. சிக்கல் வருவது 'கோடு' (code) விஷயத்தில். குரலோடு சேர்ந்து போகிற ஒரு ரீங்காரம் அது; பொருந்தினால்தான் எதிர்ச் செட்டு ஸ்பீக்கரைத் திறக்கும். ஒரு கம்பெனியின் 12-ஆம் கோடும் இன்னொன்றின் 12-ஆம் கோடும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கையேட்டில் அந்தக் கோடுக்கு நேரே எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும்; எண்ணைப் பார்க்காமல் ஹெர்ட்ஸைப் பார்த்துப் பொருத்துங்கள். தலைவலியே வேண்டாமென்றால் எல்லாச் செட்டிலும் இந்தக் கோடு வசதியையே அணைத்துவிடுங்கள்.

பத்து எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. பத்துப் பேர் கையில் கொடுத்தால் பத்துப் பேரும் பேசுவார்கள். இதில் ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது மற்றவர் பேச முடியாது; இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் கேட்கிறவருக்குக் கொரகொரப்புதான். நான்கு போதும். சமையல் நடக்கும் இடத்தில் ஒன்று, பந்தலில் ஒன்று, ஆற்றங்கரைப் பக்கம் ஒன்று. நான்காவதை ஏதாவது ஒரு மாடி வீட்டு உச்சியில், நிதானமான ஒருவர் கையில் கொடுங்கள். கூட்டம் என்பது அலைக்குத் தண்ணீர்ச் சுவர் மாதிரி, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. கூட்டத்துக்குள் நிற்கிற இருவருக்கு ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காமல் போகலாம். மாடியில் இருப்பவருக்கு இரண்டு பேரும் கேட்பார்கள், அவர் வாங்கிச் சொல்லிவிடுவார்.

இப்போது முக்கியமானது. செட்டில் 'வாக்ஸ்' என்று ஒரு வசதி இருக்கும். பட்டன் அழுத்தாமல் குரல் கேட்டாலே தானாக அனுப்ப ஆரம்பிக்கும். அதைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். பம்பையும் தாரை தப்பட்டையும் அடிக்கிற இடத்தில் அது எப்போதும் திறந்தே கிடக்கும், மற்ற எல்லாரும் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்துக் கோயில் தேர் அன்றைக்கு ஒரு பையன் இடுப்பில் வாக்ஸ் போட்ட செட்டு ஒன்றரை மணி நேரம் உறுமி மேளத்தை எல்லாருக்கும் ஒலிபரப்பியது. யார் செட்டு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை, ஏனென்றால் செட்டில் அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறதற்கு வழியில்லை. கடைசியில் பேட்டரி தீர்ந்து ஓய்ந்தது. இருபுறமும் காதுக்கு மாட்டும் ஒயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மேளச் சத்தத்தில் ஸ்பீக்கர் காதில் விழாது.

பட்டனை அழுத்தி ஒரு வினாடி விட்டுப் பேசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "மோர் வேண்டாம்" என்பதில் 'மோர்' விழுந்துவிட்டு 'வேண்டாம்' மட்டும் போகும், எது வேண்டாம் என்று அங்கே ஒரு பஞ்சாயத்து. அப்புறம், பந்தோபஸ்து அதிகாரியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, செட்டையும் பெட்டியையும் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் ஏரியல் வைத்த சாமானோடு நிற்கிற இளைஞனைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

மருமகன் டெக்சாஸிலிருந்து வந்தபோது ஒரு ஜோடி வாக்கி டாக்கி கொண்டுவந்தார். 22 சேனல். அங்கே எல்லாரும் முகாமுக்குப் போகும்போது பயன்படுத்துவார்களாம், லைசென்ஸ் தேவையில்லையாம். இங்கே கொல்லைக்கும் வீட்டுக்கும் பேசலாமா?
*வாசகி, ஆற்காடு*

அம்மா, மருமகன் சொன்னது அமெரிக்காவில் சரி. அங்கே எஃப்.ஆர்.எஸ். என்று குடும்பங்களுக்கான ஒரு சேவை இருக்கிறது. 22 சேனல், சிலவற்றில் இரண்டு வாட் வரை, சிலவற்றில் அரை வாட், உரிமம் வேண்டாம். அதே சேனல்களில் இன்னும் கூடுதல் பவரோடு பேச ஜி.எம்.ஆர்.எஸ். என்று இன்னொன்று. அதற்குப் பரீட்சை கிடையாது, 35 டாலர் கட்டினால் பத்து வருடம், ஒருவர் எடுத்தால் குடும்பத்துக்கே செல்லும். நல்ல ஏற்பாடுதான், எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆனால் அந்தச் செட்டுகள் பேசுவது 462, 467 மெகாஹெர்ட்ஸில். இங்கே நமக்கு விட்டிருக்கிற 446-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மாற்றவும் முடியாது. அங்கே குழந்தைகள் விளையாடுகிற இடம் இங்கே வேறு யாருக்கோ உரிமம் கொடுத்த இடமாக இருக்கலாம். பத்திரமாகக் கட்டி அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்புங்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்திருந்தால் அலைவரிசையாவது ஒத்துப்போயிருக்கும், அங்கே பி.எம்.ஆர். 446 என்பதும் இதே கீற்றுதான். அதற்கும் நம் ஊர்ச் சான்று வேண்டும் என்பது தனி. மருமகன் மனம் நோகாமல் இதைச் சொல்வது எப்படி என்பதை அடுத்த பக்கத்துக் குடும்பப் பகுதி எழுதும் அம்மையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டில் "38 பிரைவசி கோடு" என்று போட்டிருக்கிறது. அதைப் போட்டால் நாங்கள் பேசுவதை வேறு யாரும் கேட்க முடியாதுதானே?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

கேட்கலாம் தம்பி. அந்தப் பெயரை வைத்தவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேசும்போது உங்கள் குரலோடு 67 ஹெர்ட்ஸ் போல ஒரு கீழ்ஸ்தாயி ரீங்காரத்தைச் செட்டு சேர்த்து அனுப்புகிறது. அந்த ரீங்காரம் வந்தால் மட்டும் எதிர்ச் செட்டு ஸ்பீக்கரைத் திறக்கும். ஆக, இது உங்கள் காதில் நீங்களே வைத்துக்கொள்ளும் பஞ்சு. மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது. கோடு போடாத செட்டு வைத்திருக்கிற எவருக்கும் உங்கள் பேச்சு நன்றாகக் கேட்கும். இன்னொரு வம்பும் உண்டு: அதே சேனலில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், இரண்டு பக்கமும் கெடும். பேசுவதற்கு முன் மானிட்டர் பட்டனை அழுத்திக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ரகசியம் என்றால் கோட்டை மைதானத்தில் அகழி ஓரமாக உட்கார்ந்து நேரில் பேசுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் நாலு மாடி லாட்ஜ் நடத்துகிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வரும் நோயாளிகள். கீழே வரவேற்பிலிருந்து மாடிப் பையன்களைக் கூப்பிடக் கத்த வேண்டியிருக்கிறது. அரை வாட் செட்டு நாலு மாடி ஏறுமா?
*வாசகர், வேலூர்*

ஏறும். 446-இல் ஓர் அலையின் நீளம் 67 சென்டிமீட்டர். ஜன்னல், படிக்கட்டு, தாழ்வாரம் எதில் வேண்டுமானாலும் புகுந்து வரக்கூடிய அளவு. கம்பி நிறைந்த கான்கிரீட் தளம் கொஞ்சம் தடுக்கும், லிஃப்டுக்குள் சுத்தமாகக் கேட்காது. படிக்கட்டுப் பக்கம் வந்து பேசினால் தெளிவாக இருக்கும். வாங்கும் முன் ஒரு ஜோடியை வைத்து மாடி மாடியாக நடந்து பாருங்கள்.

பையன்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய் விடும்போது செட்டை அணைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். செல்போனை விட இது பேசும்போது தொடர்ந்து வலுவாக அனுப்புகிறது. மருத்துவக் கருவிகளுக்குப் பக்கத்தில் பட்டனை அழுத்தக் கூடாது.

நாங்கள் ஆறு நண்பர்கள் மாதம் ஒருமுறை பைக்கில் ஏலகிரி, ஜவ்வாது மலை போவோம். முன்னால் போகிறவனும் பின்னால் வருகிறவனும் பேசிக்கொள்ள எது சரி?
*வாசகர், திருப்பத்தூர்*

மலை ஒரு வேடிக்கையான ஆசாமி. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதல்லவா, அதில் ஒரு வளைவில் நான் நின்றுகொண்டு, மேல் வளைவில் இருக்கிற அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். கல்லை எறிந்தால் அவன் மேல் விழும், அவ்வளவு பக்கம். பதிலே இல்லை, நடுவில் பாறை. அதே செட்டில் மேலே விளிம்பில் போய் நின்று, கீழே பொன்னேரியில் டீக்கடை வாசலில் இருந்த இன்னொருவனைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. உயரமும் திறந்த பார்வையும் இருந்தால் அரை வாட் பல கிலோமீட்டர் போகும். ஆகவே வளைவுகளில் பேசிக்கொண்டே போகலாம் என்று நம்பாதீர்கள். இந்த இடத்தில் நின்று பேசுவோம் என்று விளிம்புகளாகப் பார்த்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே ஒரு கையில் பட்டனை அழுத்துகிற வேலை வேண்டவே வேண்டாம். கூடவே போகிற இரண்டு வண்டிகளுக்கு ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் சாதனம் போதும்.

பொதுமக்கள் பேசுவதற்கென்று இருக்கிற 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவும் நம் நாட்டில் 2005 முதல் ஐந்து வாட் வரை உரிமமில்லாமல் அனுமதி. ஆனால் அதன் அலை 11 மீட்டர் நீளம். ஒழுங்கான ஏரியல் இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். பைக்கில் கட்டினால் அமிர்தி காட்டுக் கிளையெல்லாம் உங்களோடு வரும்.

இந்த விஷயத்தில் நிஜமாகவே ஆசை இருக்கிறது என்றால் ஹாம் பரீட்சை, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான உரிமத் தேர்வு, எழுதுங்கள். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை, தேறினால் வி.யூ.3 என்று தொடங்கும் கூப்பிடு பெயர், மேல் நிலைத் தேர்வில் வி.யூ.2. அதற்கப்புறம் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸில் சட்டப்படி கூடுதல் பவரில் பேசலாம், பலர் இப்போது கள்ளத்தனமாக வாங்க நினைக்கிற ஐந்து வாட் செட்டை நேர்மையாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை, பேசுகிற ஆறு பேருமே தேறியிருக்க வேண்டும்; வியாபாரம் எதுவும் அதில் பேசக் கூடாது. நான் 40 வயதுக்கு மேல் எழுதித் தேறியவன். மோர்ஸ் கோடு படிக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் டிட் டா என்று தட்டிக்கொண்டிருந்ததில், வீட்டம்மா ஒரு வாரம் தன் அம்மா வீட்டுக்கு வாலாஜா போய்விட்டார்.

பேட்டரி "16 மணி நேரம்" என்றார்கள். ஐந்து மணி நேரத்தில் போய்விடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், பேரணாம்பட்டு*

நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேட்பது, தொண்ணூறு நிமிடம் சும்மா இருப்பது என்ற கணக்கில்தான் அந்த மணி நேரத்தைப் போடுவார்கள். பேசும்போதுதான் பேட்டரி அதிகம் செலவாகும். நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதை வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. கார் டாஷ்போர்டிலும் தகரக் கூரைக்கு அடியிலும் லித்தியம் பேட்டரியை விட்டுவைத்தால் ஒரே கோடையில் கிழடாகிவிடும். அங்கே வைத்துச் சார்ஜ் போடுவது அதைவிட மோசம். கரண்ட் அடிக்கடி போகிற கிராமமாக இருந்தால், சாதாரணப் பென்சில் செல்லும் போட்டுக்கொள்ளக்கூடிய செட்டாகப் பார்த்து வாங்குங்கள். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

பேரனுக்கு எட்டு வயது. பொம்மைக் கடையில் 600 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கலாமா?
*வாசகி, ராணிப்பேட்டை*

கொடுங்கள். வீட்டுக்கும் மாடிக்கும் பேசுவான், பத்து நாளில் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்ப்பான். பார்க்கட்டும். நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பெட்டியில் அலைவரிசையும் சான்றும் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே எழுதாத பெட்டி வேண்டாம்.

வீட்டிலிருந்து கொல்லைக்குப் பேச நல்ல வாக்கி டாக்கி ஒன்று சொல்லவும்.
*வாசகர், அணைக்கட்டு*

முதலில், ஒன்று வாங்கினால் யாரோடு பேசுவீர்கள்? இரண்டு வேண்டும். அப்புறம், கொல்லை எவ்வளவு தூரம், நடுவில் ஏரிக்கரை இருக்கிறதா, மேடு இருக்கிறதா, வீடு ஓட்டு வீடா மாடி வீடா, கொல்லையில் நிற்கிற இடத்துக்குக் கூரை தகரமா ஓலையா, பேசப்போவது யார், அவருக்குக் காது எப்படி? ஒரு வெள்ளைத் தாளில் வீட்டையும் கொல்லையையும் படமாக வரைந்து, நடுவில் இருப்பதையெல்லாம் குறித்து அனுப்புங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. மேடு எங்கே என்று மட்டும் தெளிவாகப் போடுங்கள்.